மூக்கர் முகர்ந்து பார்த்த வண்டி

அந்த ஊரில் பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் காரைத் தேடுவதற்கு முன்னால் மூக்கரைத் தேடுவார்கள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் கூப்பிடுவதைத் தவிர அது வேறெதற்கும் பயன்பட்டதில்லை. மூக்கு ஒன்றும் பெரிதில்லை. நுனியில் கொஞ்சம் சப்பையான சாதாரண மூக்குதான். ஆனால் அதை ஒரு வண்டிக்குள் நீட்டினால் போதும். வெள்ளத்தில் நின்ற வண்டியா, எண்ணெயைக் குடிக்கிற எஞ்சினா, எப்போதோ ஒயர் கருகியதை மூடி மறைத்திருக்கிறார்களா என்று ஒரே இழுப்பில் சொல்லிவிடுவார். "மூக்கர் வர்றாராம்" என்று தகவல் வந்தால் தலைவலி என்று சொல்லி ஷட்டரை இறக்கிவிட்டுப் போன வியாபாரிகளும் உண்டு.

அந்த மூக்கு செத்து ஒரு வருஷம் ஆகிறது. இது அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

போன வருஷம் வீட்டில் இருந்த இரண்டு பேரும் ஒன்றாகக் காய்ச்சலில் படுத்தார்கள். இரண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரியில் வேறு வேறு மாடியில் சேர்த்தார்கள். மூக்கர் தேறி எழுந்து வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி வரவில்லை. வந்த மறுநாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரம் கருகி, எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். "வீடே தீப்பிடிச்சுப் போச்சோன்னு பயந்துட்டேன்" என்றார். அப்போதுதான் மூக்கருக்கு விஷயம் தெரிந்தது. மூக்கைப் பாத்திரத்துக்கு மேல் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. வெந்நீர் ஆவியைப் போலச் சூடு மட்டும் வந்து போனது.

மூக்கு மட்டும்தான் போனதா என்றால், அதுவும் இல்லை. மனைவி போன செய்தியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கேட்டபோதும் அவர் அழவில்லை, வீட்டுக்கு வந்து அவளுடைய செருப்பைப் பார்த்தபோதும் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் "மனுஷன் திடமா இருக்கார்" என்று மெச்சினார்கள். மீதிப் பேர் "கல்லுப் பிள்ளையாராட்டம் உக்காந்திருக்காரே, ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா" என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டார்கள். இரண்டு கட்சிக்கும் உண்மை தெரியாது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, அது மாதிரி இருந்தார் அவர். கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

டாக்டரிடம் போயிருக்கலாம். மகள் நர்ஸ், ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. மூக்கு இல்லாத மூக்கரை எவன் கூப்பிடுவான் என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். காரணம் என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. அந்த வயதில் புதிதாக எந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு எங்கே போய் நிற்பது?

அதனால் பழையபடியே போய் வந்துகொண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், மூக்கு போன பிறகும் தொழில் குறையவில்லை. வண்டிக் கதவைத் திறப்பார், கண்ணை மூடுவார், மூச்சை நன்றாக இழுப்பார். பிறகு கண்ணைத் திறந்து வியாபாரியை ஒன்றும் பேசாமல் பார்ப்பார். அவ்வளவுதான். மடியில் கனமுள்ள ஆசாமி என்றால் அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியாது. "அண்ணே, ஒரே ஒரு நாள்தான் தண்ணி நின்னுச்சு, அதுவும் சீட்டு வரைக்கும் வரல" என்று தானாகவே கக்கிவிடுவான். மூக்கர் தலையை ஆட்டிக்கொள்வார். போலீஸ்காரர்கள்கூட இத்தனை சுலபமாக உண்மையை வாங்கியிருக்க மாட்டார்கள்.

கக்காதவர்களும் இருந்தார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இவர் சொன்னதை நம்பி ஒரு வண்டி வாங்கினார். ஏசி போட்டால் அழுகின வாடை வருகிறது என்று வாத்தியாரின் மனைவி முதல் நாளிலிருந்தே புலம்பியிருக்கிறாள். வாத்தியார் என்ன செய்தார் தெரியுமா? "மூக்கரே ஒண்ணும் சொல்லல, உனக்கு மட்டும் எங்கேர்ந்து வருது?" என்று அவளை மூக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இந்தக் கதையை வாத்தியாரே வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். மூக்கரும் சிரித்தார். வெட்கப்பட வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் வெட்கம் வரவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் மகள் கார் வாங்க வேண்டியதாயிற்று. ஊரின் மறுகோடியில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அவளை மாற்றிவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் வேலையில் நிற்க வேண்டும். அவள் தனியாகத் தங்கியிருந்த இடத்திலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு அறை எடுத்துத் தங்கலாம்தான். அப்படித் தங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை வந்து பார்ப்பதும் நின்றுவிடும் என்று கார் பக்கம் சாய்ந்தாள். புது வண்டிக்கு வழியில்லை.

"அப்பா, எனக்கு வண்டியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. நீங்க பாத்து சரின்னு சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குவேன்" என்றாள் போனில்.

கண்ணை மூடிக்கொள்ளட்டும். மூக்கையும் சேர்த்து மூடிக்கொள்வாள் என்று அவர் அப்போது நினைக்கவில்லை.

வியாபாரி புதியவர். கார்களுக்கு முன்கண்ணாடி மாட்டுவதையே வருஷக்கணக்காகச் செய்து வந்தவர், இப்போதுதான் சொந்தமாகச் சின்னதாக ஒரு யார்டு போட்டிருக்கிறார். எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். யார்டு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கருங்கல் ஜல்லி கொட்டிய தரை, இரண்டு வரிசைக் கார்கள், ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. கார்களிலிருந்து கழற்றிய பழைய முன்கண்ணாடிகளாலேயே ஆபீஸ் அறையின் சுவர்களைக் கட்டியிருந்தார். உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆள் வெளியிலிருந்து பார்த்தால் வளைந்து வளைந்து தெரிவார்.

"வாங்கய்யா, வாங்க. எஞ்சினை இன்னும் தொடல. நீங்க வந்து தொட்டுப் பாக்கணும்னு அப்படியே வெச்சிருக்கேன். கேன்ல வாங்கி டாங்க் மட்டும் நிரப்பி வெச்சிருக்கேன், நல்லா ஓட்டிப் பாருங்க" என்று மகளோடு வந்த மூக்கரை வரவேற்றார் கண்ணாடிக்காரர்.

மூக்கரின் சட்டம் அது. பார்க்க வருகிற வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கக் கூடாது. சூடான எஞ்சின் பல பொய்களை மறைத்துவிடும். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. இந்த ஆள் சொன்ன சொல் தவறவில்லை.

சாம்பல் நிறச் சின்ன வண்டி. துணி சுற்றிய காந்தத்தை எடுத்துக் கதவுகளின் மேல் ஓட்டினார். இடித்து ஒடுங்கிய இடத்தில் பட்டி வைத்துப் பூசி மெழுகியிருந்தால் காந்தம் அங்கே ஒட்டாமல் நழுவும். எங்கும் நழுவவில்லை. சீட் பெல்ட்டுகளைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் அடியில் சேற்றுக் கோடு தெரியும். கோடு இல்லை. டிக்கியில் மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். அட்டையை விரித்துப் படுத்து வண்டிக்குக் கீழேயும் டார்ச் அடித்தார். எல்லாம் சுத்தம்.

கடைசியில் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டி மூச்சை இழுத்தார். மகள் கைகட்டி நின்று அதைப் பார்த்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து அவள் பார்த்து வருகிற காட்சி. அப்பா மூச்சை இழுக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது.

கண்ணைத் திறந்து கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் கலங்காமல் திருப்பிப் பார்த்தார். "போன வாரம்தான் பெட்ரோல் பம்ப்பைப் புதுசா மாத்தினேன். அதைத் தவிர நான் ஒண்ணும் கை வைக்கலைய்யா" என்றார். அந்த முகத்தில் மறைவு எதுவும் இல்லை. ஆள் யோக்கியன், அதனால் வண்டியும் யோக்கியம் என்று மூக்கர் முடிவு கட்டினார். தனக்கே தெரியாததை ஒருத்தன் எப்படி ஒப்புக்கொள்வான் என்று அந்த ஒரு வருஷத்தில் அவர் யோசித்ததே இல்லை.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். ஓட்டப் போகிறவர்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது மூக்கரின் இன்னொரு சட்டம். மகள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணாடியை எல்லாம் ஏத்திடு. ஏசி வேணாம், காத்தாடி வேணாம். சத்தம் கேக்கணும்."

அவள் ஏற்றினாள். தெருமுனை திரும்பி, மேட்டில் ஏறி, கிடங்குகளுக்கு நடுவில் இருந்த குண்டும் குழியுமான சந்தில் இறங்கினார்கள். மூக்கர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கியர் வழுக்கிக்கொண்டு விழுகிறது. பிரேக் இழுக்கவில்லை. குழியில் இறங்கும்போது முன்பக்கம் கடகடக்கவில்லை. மகள் இரண்டு தரம் இருமினாள். கண்ணாடிப் பொத்தானில் விரலை வைத்தவள், ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள்.

அவர் கண்ணைத் திறந்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அம்மாவை நினைத்துக்கொள்கிறாள் என்று எண்ணினார். நியாயம்தான். முதல் வண்டி, அம்மா இருந்திருந்தால் பின் சீட்டில் உட்கார்ந்து மெதுவா போ, மெதுவா போ என்று கத்திக்கொண்டே வந்திருப்பாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் தன்னுடைய கண்ணும் எரிந்து நீர் கோத்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

ஒரு வருஷமாக வராத கண்ணீர். இப்போதாவது வந்ததே என்று ஆச்சரியப்பட்டார். ஆனால் நெஞ்சில் ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு பாட்டுக்கு நெஞ்சு கிடந்தது, கண் பாட்டுக்குக் கண் வடித்தது. இப்படியும் ஒரு அழுகை உண்டு போலிருக்கிறது என்று கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அவர் துடைப்பதைப் பார்த்த மகள், அப்பா அம்மாவை நினைத்து அழுகிறார் என்று எண்ணிச் சாலையைப் பார்த்து ஓட்டினாள். இப்படி ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு, கண்ணாடிகளை இறுக்க மூடிய வண்டியில் இரண்டு பேரும் பெட்ரோல் ஆவியைக் குடித்தபடி யார்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கண்ணாடிக்காரர் ஓடிவந்து மகள் பக்கத்துக் கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் பின்வாங்கினார்.

"என்னய்யா இது! பெட்ரோல் இப்படித் தூக்குது?"

மகள் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆமாங்க. சந்துல இறங்கினதுலேர்ந்தே. எனக்குத் தலையே சுத்துது."

"அப்ப ஏம்மா கண்ணாடியை இறக்கல?"

"அப்பா ஒண்ணும் சொல்லலையே. புதுசா டாங்க் நிரப்பினா இப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

இரண்டு பேரும் மூக்கரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினார். ஆனால் ஊரில் சம்பாதித்து வைத்த பேர் இருக்கிறதே, அது அவருக்கு முந்திக்கொண்டு நின்றது.

"நீங்க ஒண்ணும்மா. ஐயாவுக்குத் தெரியாமலா இருக்கும்? நானா வாயைத் திறந்து சொல்றேனா, இல்ல தள்ளிவிடப் பாக்குறேனான்னு சோதிக்கிறாரு. அவர் அப்படித்தான்னு என் மச்சானே சொல்லியிருக்கான்" என்றார் கண்ணாடிக்காரர்.

"ம்" என்றார் மூக்கர்.

அந்த இடத்திலாவது சொல்லியிருக்க வேண்டாமா மனிதர்? பெற்ற பெண் தலை சுற்றி நிற்கிறாள், இவர் "ம்" கொட்டுகிறார்.

கண்ணாடிக்காரர் பின் சீட்டின் மெத்தையைத் தூக்கிக் கழற்றி வெளியே ஜல்லியின் மேல் போட்டார். சீட்டுக்கு அடியில் ஒரு தகர மூடி. அதைத் திறந்தால் டாங்க்கின் வாயும் அதற்குள் இறங்கும் பம்ப்பும் தெரிந்தன. வாயைச் சுற்றி ஈரம் மினுமினுத்தது. பம்ப் மாற்றிய மெக்கானிக், அடியில் இருக்கிற ரப்பர் வளையத்தை மடித்து நசுக்கி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். டாங்க்கில் பாதி பெட்ரோல் இருந்தவரை தெரியவில்லை. நிரப்பி, மேடு பள்ளத்தில் குலுக்கியதும் கசிந்துவிட்டது.

"பாவி, புது வளையம் போடுடான்னா பழசையே வெச்சு அமுக்கியிருக்கான். இருங்க, நானே போய் வாங்கிட்டு வந்து போடறேன்" என்று கண்ணாடிக்காரர் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். சொன்னபடி வாங்கிவந்து, குனிந்து, முனகி, தானே மாட்டினார். ஈரத்தைத் துடைத்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். அதற்குள் வார்டிலிருந்து போன் வந்து மகள் பேசிக்கொண்டே கேட் வரைக்கும் நடந்து போயிருந்தாள்.

"ஐயா, இப்பப் பாருங்க. என் கையெல்லாம் பெட்ரோல். நான் எதை மோந்தாலும் பெட்ரோலாத்தான் இருக்கு. நீங்க சரின்னா சரி."

மூக்கர் குனிந்து தலையை உள்ளே நீட்டினார். இழுத்தார். காற்றுப் போய்க் காற்று வந்தது. நிமிர்ந்து வழக்கம் போலக் கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்தார். அங்கே படிப்பதற்கு ஒன்றும் இல்லை. இவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று இவர் முகத்தைப் படிக்க அந்த முகம் காத்திருந்தது.

சரி என்று சொல்லிவிடலாம். நுனி நாக்கு வரை வந்துவிட்டது. புது வளையம், கண்ணெதிரே மாட்டியது, கசிய வாய்ப்பில்லை. அப்படியே கசிந்தால்? குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, விடிவதற்கு முன்னால், தூக்கக் கலக்கத்தில் அவள் தனியாகப் போவாள். வாசனை வந்தாலும் அப்பா பார்த்த வண்டி என்று சும்மா இருப்பாள். ஒரு தீப்பொறி போதும். இதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தார். நினைப்பு வந்ததே தவிர பயம் வரவில்லை. மகளுக்கு ஆபத்து என்று தெரிந்தும் தன் வயிற்றில் ஒன்றுமே அசையவில்லையே என்பதைக் கண்டு மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"பாப்பா!" என்று கேட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "இங்க வா. நீ வந்து மோந்து பாரு."

போனை வைத்துவிட்டு அவள் வந்தாள். "நீங்க பாத்தாச்சுல்ல? நான் என்ன பாக்கறது?"

"எனக்கு வாசனை தெரியாதும்மா."

"என்ன தெரியாது?"

"எந்த வாசனையும் தெரியாது. மூக்கு செத்துப்போச்சு. ஒரு வருஷமாச்சு."

கண்ணாடிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அப்ப போன மாசம் என் மச்சான் யார்டுல... மோந்து பாத்த உடனே கண்டுபிடிச்சீங்களே, தண்ணில நின்ன வண்டின்னு?"

"வண்டியை எங்க மோந்தேன். உன் மச்சான் முகத்தைப் பாத்தேன். அவரே சொல்லிட்டாரு."

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டது. மகளின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார். "நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்யா" என்றார் மெதுவாக.

"விடு. எல்லார்கிட்டயும் சொல்லு. நான் சொல்றதைவிட நீ சொன்னா சீக்கிரம் பரவும்" என்றார் மூக்கர்.

மகள் அவரைத் தாண்டிப் போனாள். வண்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தாள். வண்டியின் தரையில் ஒட்டியிருந்த கம்பளத்தைத் தூக்கி முகர்ந்தாள். "இன்னும் இருக்கு. கம்பளத்துல ஊறியிருக்கு" என்று கண்ணாடிக்காரரிடம் சொன்னாள். "இதைக் கழட்டிடுங்க. கதவெல்லாம் திறந்தே கிடக்கட்டும். நாளைக்கு வந்து நான் மறுபடியும் பாப்பேன். ரெண்டு தடவை ஓட்டிப் பாப்பேன். அப்பவும் இல்லன்னாதான் வண்டி எனக்கு." வார்டில் நோயாளிகளின் உறவினர்களிடம் பேசுகிற குரல் அது. கண்ணாடிக்காரர் மறுபேச்சில்லாமல் கம்பளத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஜல்லியின் மேல் கிடந்த பின் சீட்டு மெத்தையில் மூக்கர் போய் உட்கார்ந்துவிட்டார். மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி இல்லாமல் சீட்டு மட்டும் இருந்தது; அதில் இரண்டு பேரும் எங்கோ போகிறவர்களைப் போல முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"காய்ச்சலப்பவா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இந்த ஒரு வருஷத்துல எத்தனை பேர் உங்களை நம்பி வண்டி எடுத்திருப்பாங்க?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லணும்" என்றார்.

"சொல்லத்தான் வேணும்." பிறகு அவளே கேட்டாள்: "நான் நர்ஸுப்பா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன்ல? இதுக்குன்னு டாக்டர் இருக்காங்க. எத்தனையோ பேருக்குத் திரும்ப வந்திருக்கு."

"அதான்."

"என்ன அதான்?"

மூக்கர் கையில் இருந்த காந்தத்தின் துணியைப் பிரித்தார், மறுபடி சுற்றினார். "வந்துட்டா என்ன பண்றது? வீட்டுக்குள்ள நுழைவேன். அம்மா வாசனை இருக்காது. இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல பாப்பா. அவ இல்லங்கறதும் தெரியல. தெரியாமலே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன். தொழிலுக்காகத்தான் மறைக்கிறேன்னு நானே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஒரு லாரி தெருவில் போனது. அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"வீடு நாறுதுப்பா" என்றாள்.

"ஆங்?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வாசல்ல நின்னு மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள வர்றேன். உங்க சட்டையும் நாறுது. உங்களுக்கா தெரியாது? தெரிஞ்சேதான் இப்படிக் கிடக்கறீங்க, அம்மா போன துக்கத்துல கிடக்கறீங்கன்னு நெனச்சேன். கேட்டா மனசு நோவுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

மூக்கர் தன் சட்டைக் கையைத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு இறக்கிவிட்டார்.

"எப்படி நாறுது? பிரிச்சுச் சொல்லு" என்று கேட்டார். தொழில் கேள்வியாகவே கேட்டார்.

"அடுப்பங்கரைக் குழாய் அடைச்சிருக்கு, அது ஒரு நாத்தம். காயாத துணி. ஃபிரிட்ஜ்ல ஏதோ கெட்டுக் கிடக்கு. உங்க போர்வை." அவள் யோசித்து யோசித்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"அவளோடது?"

"என்னது?"

"அம்மாவோடது. அலமாரிப் பக்கம், தலையணையில... ஏதாவது கொஞ்சம் இருக்கா?"

பொய் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அந்தக் குடும்பத்தில் அன்றைக்குப் போதுமான அளவு பொய் ஆகிவிட்டிருந்தது.

"இல்லப்பா. மொதல்ல ரொம்ப நாள் இருந்துச்சு. நான் வந்தா அலமாரியைத் திறந்து வெச்சுக்கிட்டு நிப்பேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுச்சு. இப்ப இல்ல."

மூக்கர் தலையை ஆட்டினார். வியாபாரிகள் ஒப்புக்கொள்ளும்போது ஆட்டுவது போலவே ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டிக்கொண்டிருந்த தலை நின்றது. வாய் கோணியது.

"நான் அங்கயேதான இருந்தேன்" என்றார். "ராத்திரி பகல் அங்கயேதான இருந்தேன் பாப்பா. அவ்வளவு நாளும் இருந்துச்சா? என் பக்கத்துலயே இருந்துட்டு, எனக்குத் தெரியாமயே போயிடுச்சா?"

வண்டிக்குள் கம்பளத்தை இழுத்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்கர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நடு யார்டில், வாய்விட்டு அழுதார். மகள் அவர் முதுகில் கையை வைத்தாள். நாற்றமடிக்கிற அந்தச் சட்டையின் மேல் முகத்தைச் சாய்த்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.